பூத்துப்போன பெயின்ட்டுக்கு உடனே பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்

பெரியப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் கைக்கு வந்தபோது, அது என்ன நிறம் என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி. அம்மாவுக்கு அது நீலம். என் மகளுக்குச் சாம்பல். பதினான்கு வருஷம் ஒரு கொட்டகையில், காலையில் வெயிலும் பிற்பகலில் நிழலுமாக நின்ற வண்டி. கதவில் விரலை அழுத்தி இழுத்தேன். விரல் நுனியில் கோலமாவு போல வெளிர்நீலப் பொடி ஒட்டிக்கொண்டது. விரல் போன தடத்தில் மட்டும், ஒற்றைக் கோடாக, நல்ல ஆழமான நீலம். அம்மா கட்சிதான் ஜெயித்தது.

முதலில் வந்து பார்த்த பெயின்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மொத்தமா சுரண்டிட்டு அடிச்சிரலாம் சார், ஷோரூம் கண்டிஷன் ஆயிரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தொழில் அடிப்பது. ஆனால் அந்தக் கோட்டில் தெரிந்த நீலம் தொழிற்சாலையில் பூசியது. அது அங்கேயே இருக்கும்போது அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அதே நீலத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அம்பாசிடரோ, பத்மினியோ, ஹெரால்டோ, பழைய பெயின்ட்டோடு ஒரு வண்டி உங்கள் கைக்கு வந்திருந்தால், முதல்முறையாக அதில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான். இதில் ஸ்ப்ரே கன் வராது. மெஷின்கூட ஒரே ஒரு இடத்தில்தான் வரும், அதுவும் வேண்டாம் என்று சொல்வதற்காக.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. 1961 முதல் நம் மதராஸில், வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. அந்தத் தொழிற்சாலை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. கண்ணாடி கிடைக்கும், ரப்பர் பீடிங் கிடைக்கும், தேடினால் என்ஜின்கூடக் கிடைக்கும். அங்கே பூசிய பெயின்ட் மட்டும் வண்டியின் மேல் இருப்பதுதான் மிச்சம். எவ்வளவு நன்றாக மறுபடி அடித்தாலும் அது வேறு பெயின்ட்.

1966-இல் தொடங்கிய 'ஃபீவா' என்ற பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்புக்கு இத்தாலிய நகரமான டுரினின் பெயரில் 'டுரின் சாசனம்' என்று ஒரு கொள்கை ஆவணம் உண்டு. இருப்பதை முடிந்தவரை காப்பாற்று, தேவைக்கு மேல் மாற்றாதே என்பதுதான் அதன் சாரம். ஹெரால்டை வடிவமைத்த மிக்கெலோட்டியும் டுரின்காரர்தான். தற்செயல் பொருத்தம், ஆனால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. வண்டியின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கும். மொத்தமாக அடிக்கப் போகிறோம், அப்படியே வேறு கலருக்குப் போய்விடலாம் என்று கிளம்பினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சல் தனி. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் வாங்கலாம். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. பெயின்ட் பூத்திருந்தால் தள்ளுபடி என்று எங்கேயும் இல்லை.

முதல் வேலை: மேலே இருப்பது என்ன பெயின்ட்?

இன்றைய கார்களில் கலருக்கு மேல் நிறமில்லாத 'கிளியர் கோட்' ஒன்று இருக்கும். வெயில் முதலில் அதைத்தான் தின்னும். 1980-களுக்கு முந்தைய சாதாரணக் கலர் வண்டிகளில் அது கிடையாது. நிறத்தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் ஒரே படலம். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் ஈரமும் சேர்ந்து மேல்பரப்புப் பிசினை அரிக்கின்றன. பிடிமானம் போன நிறத்தூள் தனித்தனியாக உதிர்ந்து நிற்கிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் நீலம் வெளிறி, சிவப்பு ரோஸாகி, கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. 'பெயின்ட் பூத்துப்போச்சு' என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பூத்தது மேலே ஒரு மெல்லிய தோல் மட்டும், அடியில் இருப்பது அநேகமாக நன்றாகவே இருக்கும்.

கண்ணில் படாத ஒரு இடம் தேர்ந்தெடுங்கள். டிக்கி மூடிக்குக் கீழ் ஓரம், கதவின் அடிப்பக்கம், இப்படி ஏதாவது. வெள்ளைப் பனியன் துணியில் துளி பாலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை, இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தும். ஏறவில்லை என்றால் யாரோ பின்னாளில் கிளியர் கோட்டோடு மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிளியர் கோட் உரிந்து பாளம் பாளமாக வந்துகொண்டிருந்தால் அதை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. அந்த வண்டிக்குப் பெயின்டர்தான்.

அடுத்தது தின்னர் சோதனை. அதே மறைவான இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்துச் சில விநாடி ஒற்றுங்கள். பெயின்ட் கரைந்து பஞ்சோடு வந்துவிட்டால் அது என்.சி. வகை, பழைய ஆட்கள் 'டியூகோ' என்று சொல்வது. 1920-களில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த பெயின்ட்டின் பெயர் அது. பிராண்டுப் பெயரே பொருளின் பெயராகி, நம் ஊரில் மரச்சாமான் வரைக்கும் வந்துவிட்டது. கரையாமல் மெதுவாக இளகினாலோ சுருங்கினாலோ எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பிந்தைய பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்டாக இருக்கலாம். முடிவை எங்கேயாவது எழுதி வையுங்கள், டச்அப் செய்யும்போது இது இல்லாமல் நகர முடியாது.

மூன்றாவது, பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, எங்கே இருக்கிறது என்பது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி கனமாக இருக்கிறது. பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 75 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். 250, 300 என்று காட்டினால் மேலே ஒருமுறையாவது அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தை நெருங்கினால் அது பட்டி. என் வண்டியில் இடது பின் பக்கம் மட்டும் 900 காட்டியது. பெரியப்பா ஒருமுறை கேட்டில் இடித்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த 75 முதல் 150 மைக்ரானை மனதில் வையுங்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கலருக்கு அடியில் பூசும் பிரைமரும் சேர்த்து உங்கள் கையிருப்பு அவ்வளவுதான், தேய்க்கும்போதெல்லாம் அதிலிருந்துதான் செலவாகிறது.

தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

இதற்குப் பைசா செலவில்லை. காலை வெயிலில் பானெட்டின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் எழுந்து வரும். காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். ஈரத்தில் எப்படித் தெரிகிறதோ, வேலை முடிந்தபின் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஈரத்திலும் வெளுப்பாகவே நின்றால் அங்கே கலர் தேய்ந்து பிரைமருக்கு வந்துவிட்டது என்று பொருள். வறண்ட குளத்துத் தரை போல வெடித்திருந்தால் அந்த வெடிப்பு பெயின்ட்டின் ஆழம்வரை போயிருக்கும். எதைத் தேய்த்தும் போகாது, அதோடு வாழப் பழகலாம். குமிழ் குமிழாகத் தூக்கியிருந்தால் உள்ளிருந்து துரு கிளம்புகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஈரத்தோடு நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். பாதி வேலையில் சோர்ந்துபோகும்போது எடுத்துப் பார்க்க உதவும்.

கழுவுவது

கழுவ எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நிழலில் செய்யுங்கள், தகரம் கையில் சுடக் கூடாது. கார் ஷாம்பு ஒரு வாளி, அலச வெறும் தண்ணீர் ஒரு வாளி. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம், மிச்சமிருக்கும் பசையையும் உறிஞ்சிவிடும். பிரஷர் கன்னைப் பெயின்ட் தூக்கியிருக்கும் ஓரத்தில் பிடித்தால் பெயின்ட் சீவலாகப் பறக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள், காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். பூத்த பெயின்ட்டில் உப்புக்கறை சுலபமாக இறங்கும்.

காக்கை எச்சம், வேப்பம் பிசின் காய்ந்து இறுகியிருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டுவைத்தால் ஊறி வந்துவிடும். புதுக் கார்களுக்கு இந்தக் கட்டத்தில் 'கிளே பார்' என்ற களிமண் போன்ற கட்டியைத் தேய்ப்பார்கள். பூத்துப்போன பெயின்ட்டில் அது அழுக்கைவிட நிறத்தூளைத்தான் அதிகம் எடுக்கும். எண்ணெய் ஊட்டி முடித்த பிறகும் கைக்குச் சொரசொரப்பாக இருந்தால் மட்டும் லேசாகத் தேய்க்கலாம்.

ஹெரால்டுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழும். திறந்து உள்பக்கம் பாருங்கள். முன் சக்கரம் வீசிய சேறு மடிப்புகளில் பல வருஷமாகக் காய்ந்து கிடக்கும். அதைக் குச்சியால் எடுத்துக் கழுவிவிடுங்கள். வெளியே எவ்வளவு மினுக்கினாலும், உள்ளே ஈரச் சேறு இருந்தால் துரு பின்னாலிருந்து வரும்.

எண்ணெய் ஊட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். நேராக, அரைக்கும் பொடி கலந்த ரப்பிங் காம்பவுண்டை எடுத்தால், காய்ந்த பெயின்ட் காம்பவுண்டோடு கூழாகி வந்துவிடும். கையிருப்பில் கால்வாசி முதல் நாளே காலி. முதலில் பரப்பை ஊறவைக்க வேண்டும்.

இதற்கு அரைக்கும் பொடி இல்லாத, எண்ணெய் நிறைந்த 'கிளேஸ்' வேண்டும். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் சொல்வது மெகுயர்ஸ் 7-ஆம் நம்பர். ஆன்லைனில் வாங்கலாம், விலை கொஞ்சம் கூடத்தான். வேறு கம்பெனி வாங்கினாலும் சரி, பாட்டிலில் 'காம்பவுண்ட்', 'கிளீனர்' என்று இருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது.

கூடவே பழைய டர்க்கி டவல் இரண்டு மூன்று. மைக்ரோஃபைபர் வேண்டாமா என்று கேட்பீர்கள். அது துடைப்பதற்கு. தேய்ப்பதற்கு டவலின் சுருள் நூல்தான் சரி, உதிர்ந்த பொடியை அதுவே மெதுவாக வாரிக்கொள்ளும். கையுறை போடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் கலந்த நிறத்தூள் இருக்க வாய்ப்பு அதிகம். துணியில் வரும் பொடி சாப்பாட்டுக் கைக்குப் போகக் கூடாது.

டவலை உள்ளங்கை அளவுக்கு மடித்து, கிளேஸை, அதாவது இந்த எண்ணெய் பாலிஷை, இரண்டு ஸ்பூன் அளவுக்குத் தாராளமாக ஊற்றுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு அடிக்கு இரண்டு அடி மட்டும். நீளவாக்கில், பிறகு குறுக்காக, தலைக்கு எண்ணெய் தேய்ப்பது போல உள்ளே இறங்குகிற அழுத்தத்தோடு தேயுங்கள். அரை நிமிஷத்தில் டவல் நிறமாகும். என் டவல் சொட்டு நீலத்தில் முக்கியது போல ஆனது. பயப்பட வேண்டாம், போவது செத்த தோல். டவலின் அடுத்த மடிப்புக்கு மாறி மறுபடி ஊற்றுங்கள். இரண்டாம் முறை பரப்பு வழுவழுவென்று ஆவது கைக்கே தெரியும்.

பிறகு துடைக்காதீர்கள். மேலே ஈரமாக ஒரு படலம் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். 12 முதல் 24 மணி நேரம். தூசி விழாத இடம் வேண்டும், இல்லையென்றால் மேலே பழைய வேட்டி ஒன்றைக் கூடாரமாகக் கட்டுங்கள், பெயின்ட்டில் ஒட்டாமல். காலையில் பார்த்தால் சில இடங்களில் படலம் அப்படியே இருக்கும், சில இடங்களில் காணாமல் போயிருக்கும். காணாமல் போன இடம் இன்னும் தாகத்தோடு இருக்கிறது. பானெட், மேற்கூரை, டிக்கி மூடி மூன்றும் வானத்தைப் பார்த்துக் கிடந்தவை, மற்றதைவிட ரொம்பக் குடிக்கும். என் வண்டியின் கூரைக்கு மூன்று ராத்திரி ஆனது, கதவுகளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

எண்ணெய் பெயின்ட்டைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது என்று விளம்பரம் மாதிரிச் சொல்ல மாட்டேன். அரிபட்டுப் போன பிசின் திரும்பி வராது. நுண்ணிய துளைகளில் எண்ணெய் நிரம்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது, நிறம் ஆழமாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோமே, அதேதான், காயாமல் நிற்கிறது. பரப்பு இளகி வழுக்குவதால் அடுத்த கட்டத்தில் தேய்க்கும்போது சேதமும் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாங்கிய புதிதில் எனக்கு இலவச ஆலோசனை சொல்லாத ஆள் இல்லை. டீசல் போட்டுத் துடை என்றார் ஒருவர், தேங்காய் எண்ணெய் என்றார் இன்னொருவர். இரண்டும் ஒரு நாள் மினுமினுப்பு. மறுநாள் தெருத் தூசி மொத்தமும் அதில் வந்து உட்கார்ந்திருக்கும், டீசல் ரப்பர் பீடிங்கையும் ஊதவைக்கும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. அது காய்ந்து பிசுபிசுப்பான மஞ்சள் தோலாகும், பிறகு எடுப்பது பெரும்பாடு. அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இது கதையில்லை, அந்த எண்ணெய் காயும்போதே வெப்பத்தை வெளியிடும்.

பாலிஷ்: எங்கே நிறுத்துவது

எண்ணெய் ஊட்டிய பிறகு சிலருக்கு அதுவே போதும் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் நேராக மெழுகுக்குப் போய்விடுங்கள். இன்னும் மேகம் போட்டது போல இருந்தால்தான் பாலிஷ்.

கடையில் மூன்று தரம் இருக்கும். கனமான காம்பவுண்ட், நடுத்தரம், ஃபைன் பாலிஷ். ஃபைன் பாலிஷை மட்டும் வாங்குங்கள். முதலில் ஒரு அடிச் சதுரத்தில் சோதனை. நுரை அப்ளிகேட்டரில் பட்டாணி அளவு மூன்று சொட்டு, கையால், நேர்கோட்டில், பத்துப் பன்னிரண்டு தடவை. துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். திருப்தி என்றால் வண்டி முழுக்க அதுவே முறை. இல்லையென்றால் இன்னொரு தடவை, அதே பாலிஷால். கனமான காம்பவுண்டுக்குத் தாவ வேண்டும் என்று கை அரிக்கும், அடக்குங்கள்.

தொடங்குவதற்கு முன் மடிப்பு, விளிம்பு, கதவு ஓரம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முன்பே தூக்கிக்கொண்டு நிற்கும் பெயின்ட்டின் மேல் மட்டும் வேண்டாம், டேப்போடு வந்துவிடும். கூரான இடத்தில் பெயின்ட் அடிக்கும்போதே மெல்லியதாகத்தான் நிற்கும், அரை நூற்றாண்டாகத் துடைத்த துணியெல்லாம் அங்கேதான் அழுத்தியிருக்கும். நான் டேப் ஒட்டினேன், பானெட்டின் வலது மடிப்பைத் தவிர. நண்பரிடம் இரவல் வாங்கிய சுழலும் பஃபிங் மெஷினை அங்கே கொண்டுபோனேன். பத்து விநாடிகூட இருக்காது. நீலப் புகைபோல ஏதோ தெறித்தது, நிறுத்திப் பார்த்தால் நகக்கண் அளவுக்குச் சாம்பல் பிரைமர் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த மெஷின் ஒரே இடத்தில் சூட்டைச் சேர்க்கும், தொழில் தெரிந்த கை வேண்டும். மெஷின் இல்லாமல் முடியாது என்றால், சுழன்றுகொண்டே அசையும் 'டி.ஏ.' மெஷினை மென்மையான நுரைப் பேடோடு குறைந்த வேகத்தில் வையுங்கள். அதுவும் தட்டையான இடத்தில் மட்டும்.

துணியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நீல வண்டிக்கு நீலம் வரலாம். அந்த நீலத்தில் சாம்பலோ செம்பழுப்போ கலந்து வர ஆரம்பித்தால் பிரைமர் எட்டிப்பார்க்கிறது, கையை எடுத்துவிடுங்கள். மெட்டாலிக் கலரில் துணி கறுப்பாக வரும், அதில் இருக்கும் அலுமினியத் துகள். அந்த வண்டிக்கு எண்ணெயும் மெழுகும் போதும், பாலிஷ் வேண்டாம்.

வெடிப்புள்ள இடத்தில் பாலிஷ் புகுந்து வெள்ளைக் கோடாக உறைந்துவிடும். பல் தேய்க்கும் மென்மையான பிரஷில் கொஞ்சம் எண்ணெய் பாலிஷ் தொட்டு அப்போதே எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் எடுக்கப் பாதி நாள் போகும்.

சில்லும் துருவும்

பெயின்ட் பெயர்ந்து தகரம் தெரிகிற புள்ளிகளை மட்டும் கவனியுங்கள். 1000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பென்சில் முனையில் ஒட்டி, தண்ணீர் தொட்டு, துரு இருக்கும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். வறண்டு தேய்க்காதீர்கள், ஈயத்தூள் பறக்கும். பிறகு சின்னத் தூரிகையால் ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு கோட், டப்பாவில் போட்ட நேரம் காயவிட்டு இன்னொரு கோட். துரு கறுத்து உறைந்ததும் துளி பிரைமர், மேலே டச்அப்.

டச்அப் கலர் கலக்குவதில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வெயில் படாத இடத்திலிருந்து, அதாவது டேஷ்போர்டுக்குக் கீழோ டிக்கி மேட்டுக்கு அடியிலோ இருந்து, அசல் நிறத்தைக் காட்டிக் கலக்கி வாங்கிவருவார்கள். நிறம் அச்சு அசல் அதேதான். ஆனால் பானெட்டில் வைத்தால் திருஷ்டிப் பொட்டு போலத் தனியாக நிற்கும், சுற்றியிருக்கும் பெயின்ட் 50 வருஷம் வெளுத்ததல்லவா? எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்களோ அதன் பக்கத்தில், பாலிஷ் முடிந்த நிலையில், நிறத்தைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். அசல் நிறத்தின் சாம்பிள் ஒன்றையும் தனியாகக் கலக்கி, ஒரு தகரத் துண்டில் பூசி, இருட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது வேண்டியிருக்கும்.

எனாமல் மேல் என்.சி. டச்அப் தொட்டால் அதன் தின்னர் கடித்து அடிப் பெயின்ட் சுருங்கும். தொடக்கத்தில் எழுதி வைத்த தின்னர் சோதனை இங்கேதான் கைகொடுக்கும். என்.சி. மேல் என்.சி. என்றால் காயக் காய இறங்கும், நாலைந்து தடவை பல்குச்சி முனையால் வைக்க வேண்டும். பள்ளத்தை மட்டும் நிரப்புங்கள், கரை தாண்டக் கூடாது.

குமிழ் போட்ட துரு இதில் அடங்காது. குமிழை உடைத்தால் அடியில் ஓட்டை இருக்கும். அது டிங்கரிங் வேலை: அழுகிய தகரத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட். 'ஒரு பக்கம் அடிச்சா மத்தது மேட்ச் ஆகாது சார், எல்லாத்தையும் அடிக்கணும்' என்று சொல்வார்கள். கலர் கொஞ்சம் மாறித்தான் தெரியும். அதற்காக மூன்று பக்கத்து நல்ல பெயின்ட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வண்டியில் பாதிக்கு மேல் தகரம் தெரிந்தாலோ, இரண்டு மூன்று முறை அடித்த பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்தாலோ பிடிவாதம் பிடிக்காதீர்கள். அங்கே காப்பாற்ற அசல் எதுவும் இல்லை, தாராளமாக அடிக்கலாம்.

மெழுகும் அப்புறமும்

ஊட்டிய எண்ணெய் வெளியே போகாமல் மேலே கார்னூபா வாக்ஸ் மெல்லியதாக இரண்டு கோட், இடையில் ஒரு நாள் விட்டு. சிலிக்கான் அதிகமுள்ள ஸ்ப்ரே வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். பின்னாளில் எங்கேயாவது பெயின்ட் அடிக்க நேர்ந்தால், சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் போல வட்டம் வட்டமாக விலகும். செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்பார்கள். என் வண்டிக்கு வேண்டாம் என்றேன். அதைப் போடுவதற்கு முன் ஊட்டிய எண்ணெயை எல்லாம் துடைத்தெடுக்க வேண்டும், அப்புறம் மறுபடி எண்ணெய் ஊட்டவும் வழியில்லை.

தூசி படிந்தால் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் டிரைவர் பழக்கம் வேண்டாம், தூசியே உப்புத்தாள் மாதிரி. வண்டி ஓடாத நாளில் மூடிவையுங்கள், பருத்திக் கவரால். தார்பாய் போட்டால் உள்ளே வேர்த்து, கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துரு எழும்பும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வையுங்கள். கடைக் குங்குமத்தின் சாயம் இந்தப் பெயின்ட்டில் இறங்கினால் அடுத்த வருஷ பூஜைவரை நிற்கும். அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை, பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றாள். கடைசியில் அந்தச் சாம்பல் பிரைமர் தெரிந்த இடத்தின் மேல் வைத்தாள். அது இப்போது எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் இடம், டச்அப் செய்யவே இல்லை.

வெயில் காலம் முடிந்ததும் ஒரு கோட் வாக்ஸ், ஐப்பசி மழைக்கு முன் இன்னொன்று. நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கழுவி முடித்த பிறகு, கூரையில் விரலை இழுத்துப் பாருங்கள். பொடி வராதவரை வாக்ஸ் போதும். வந்தால் மறுபடி டர்க்கி டவலும் எண்ணெயும், ஒரு ராத்திரியும்.